ஒரு சொட்டு ஜொள்ளுக்குப் பின்னால்

மடியில் பூனை. கண் பாதி மூடியாயிற்று. தொண்டைக்குள் குர்ர்ர் ஓட ஆரம்பித்தாயிற்று. முன்னங்கால்கள் மாறி மாறித் தொடையை மிதிக்கின்றன. நீங்கள் கன்னத்தைச் சொறிந்துகொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். திடீரென்று லுங்கியில் ஓர் ஈரம். குனிந்து பார்த்தால், கீழ் உதட்டோரத்தில் இன்னொரு சொட்டு பளபளவென்று திரண்டு, விழலாமா வேண்டாமா என்று ஆடிக்கொண்டிருக்கிறது. ஜொள்ளு! கலப்படமே இல்லாத சந்தோஷ ஜொள்ளு!

அந்தச் சொட்டைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. நாய்க்குச் சந்தோஷம் வந்தால் வால் சொல்லிவிடும், ஓட்டம் சொல்லிவிடும், மேலே விழுந்து நக்குகிற நாக்கு சொல்லிவிடும். பூனை அப்படியா? பிடித்திருந்தாலும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். குர்ர்ர் சத்தம்கூட முழுச் சாட்சி ஆகாது. வலியில் சுருண்டு கிடக்கும் பூனையும் குர்ரிடும், டாக்டர் மேஜையில் நடுங்கும் பூனையும் குர்ரிடும். ஆனால் மடியில் தளர்ந்து கிடக்கையில் தானாக வழிகிற ஜொள்ளைப் பூனை நினைத்தாலும் வரவழைக்க முடியாது, நினைத்தாலும் நிறுத்த முடியாது. உடம்பு தன்னையறியாமல் உளறிவிடுகிற உண்மை அது!

அந்தச் சொட்டு விழுவதற்கு முன் உள்ளே என்னென்ன நடக்கிறது? வாருங்கள், பூனை அசையாமல் கிடக்கும்போதே உள்ளே ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம்.

முதலில் வாய். பூனைக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஐந்து ஜோடி. காதுக்குக் கீழே ஒரு ஜோடி, தாடை மூலையில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று, கண்ணுக்குக் கீழே எலும்பு மறைவில் ஒன்று, கடைவாய்ப் பல்லை ஒட்டி இன்னொன்று. நமக்குப் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடிதான். இத்தனை சிறிய முகத்துக்குள் எவ்வளவு ஏற்பாடு பாருங்கள்! பூனை தூங்கினாலும் விழித்தாலும் இவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டேதான் இருக்கும். சுரப்பதைப் பூனை அவ்வப்போது விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தச் சுரப்பிகளுக்கு எஜமானர்கள் இரண்டு பேர். ஆபத்து, ஓட்டம், சண்டை என்று உடம்பை உசுப்பிவிடும் நரம்புக் கூட்டம் ஒன்று. தின்றது செரிக்கட்டும், தசை தளரட்டும், நெஞ்சு நிதானமாக அடிக்கட்டும் என்று தட்டிக்கொடுக்கும் நரம்புக் கூட்டம் மற்றொன்று. முதலாவது ஓங்கினால் எச்சில் குறைந்து கெட்டியாகும். மேடையேறியதும் நமக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதே, அது இவர் வேலை. இரண்டாவது ஓங்கினால் எச்சில் தண்ணீராக, தாராளமாகப் பெருகும். மடிச்சூட்டில் கிடக்கிற பூனையின் உடம்பில் இப்போது முழு ஆட்சியும் இந்த இரண்டாமவர் கையில்!

அது மட்டும் போதாது. உடம்பு தளரத் தளரத் தாடையும் தளர்கிறது. உதடு லேசாகத் திறந்துகொள்கிறது. விழுங்குவது குறைகிறது. தலை சற்றே கவிழ்ந்திருந்தால் தேங்கினது அப்படியே உதட்டோரம் வந்து நிற்கிறது. சுரப்பது பாதி, விழுங்க மறப்பது மீதி. இரண்டும் சேர்ந்தால் லுங்கி நனையும்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது. 1870களில் கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்றோர் இளைஞர் இருந்தார். அவருடைய ஆசிரியர் மைக்கேல் ஃபாஸ்டர், ஜபோராண்டி என்ற தென் அமெரிக்கச் செடியின் சாற்றை அவரிடம் கொடுத்து, உடம்புக்குள் இது என்ன செய்கிறதென்று பார்க்கச் சொன்னார். அது செய்கிற வேலைகளில் ஒன்று எச்சிலைப் பெருக்கெடுக்க வைப்பது. அதிலுள்ள பைலோகார்பைன் என்ற சத்துதான் காரணம். அதற்கு நேர் எதிரி அட்ரோபைன். நம் ஊர் ஊமத்தையிலும் இருக்கிற நஞ்சு அது, வாயை வறளடித்துவிடும். லாங்லி பூனையின் தாடைச் சுரப்பியில் இந்த இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தார். எச்சில் நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. எது அளவில் மிஞ்சுகிறதோ அதன் பக்கம் சுரப்பி சாய்ந்தது. அப்படியானால் இரண்டு மருந்தும் உள்ளே ஏதோ ஒரே பொருளைத்தான் போட்டி போட்டுக்கொண்டு பற்றுகின்றன என்று 1878இல் எழுதினார்.

இன்று நாம் விழுங்குகிற மாத்திரைகளில் பல உடம்பில் எப்படி வேலை செய்கின்றன என்பதை விளக்கும் ஏற்பிக் கோட்பாட்டின் விதை அதுதான்! பூனையின் எச்சிலிலிருந்து முளைத்த விதை! தட்டிக்கொடுக்கும் அந்த இரண்டாவது நரம்புக் கூட்டத்துக்குப் பாராசிம்பதெடிக் என்று பெயர் வைத்தவரும் இதே லாங்லிதான். அவருடைய பூனைகள் மடியில் படுத்து ஜொள்ளு விட்டவை அல்ல, சோதனை மேஜையில் உயிரைக் கொடுத்தவை. அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மருந்துச்சீட்டோடு மருந்துக்கடை வாசலில் நிற்கிற நாம் எல்லோரும் அவற்றுக்குக் கடன்பட்டவர்கள்.

சரி, நரம்பு புரிந்தது. ஆனால் அந்த நரம்பை மடியில் வைத்து யார் எழுப்பிவிட்டது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த அறை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டே போகலாம்.

பிறந்த பூனைக்குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. கண் திறக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகலாம். அதுவரைக்கும் அதன் உலகம் சூடும் வாசனையும்தான். அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போய் அம்மாவின் வயிற்றைக் கண்டுபிடிக்கும். தாய்க்குப் பெரும்பாலும் நான்கு ஜோடிக் காம்புகள். சில நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் அதையே தேடிப் போகும். வாயில் காம்பு, தொண்டையில் குர்ர்ர், முன்னங்கால்கள் சப்பாத்தி மாவு பிசைவதுபோல் அம்மாவின் வயிற்றை அழுத்தி அழுத்தி விடும். அந்த அழுத்தத்தில் பால் இறங்கும். அம்மா குர்ரிட்டுக்கொண்டே குட்டியின் தலையை நக்கிக்கொடுப்பாள். பால் வரப்போகிறது என்று குட்டியின் வாயில் எச்சில் ஊறும்.

இப்போது உங்கள் மடியைப் பாருங்கள். சூடு இருக்கிறது. மெத்தென்று இருக்கிறது. தலையை ஒரு கை தடவிக்கொடுக்கிறது, அம்மாவின் நாக்கு தடவிய அதே திசையில்! குட்டிப் பருவத்தில் பாலோடு சேர்ந்து வந்த அத்தனையும் மறுபடி ஒன்றாகக் கூடிவிட்டன. பால் மட்டும்தான் இல்லை. உடம்புக்கு அது தெரியுமா? கால் தானாக மிதிக்கிறது, தொண்டை தானாகக் குர்ரிடுகிறது, வாயில் தானாக எச்சில் ஊறுகிறது. பூனைகளைப் பற்றி 1986இல் புத்தகம் எழுதிய விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸும் மடி மிதிப்பதையும் ஜொள்ளையும் இந்தப் பால்குடி ஞாபகத்தோடுதான் முடிச்சுப் போட்டார். சோறு வைப்பவரின் காலடிச் சத்தம் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுவதை ரஷ்யாவில் பாவ்லவ் கவனித்தாரே, அதே வழிதான் இது. செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். நாய்க்குக் காலடிச் சத்தம் என்றால் பூனைக்கு நம் மடி!

தாயைச் சீக்கிரம் பிரிந்த பூனைதான் இப்படிச் செய்யும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அம்மாவிடம் வயிறு நிறையக் குடித்து, நல்லபடியாகப் பால் மறந்த பூனைகளும் ஆனந்தமாக மிதித்து ஜொள்ளு விடுகின்றன. ஆகவே பாவம், ஏக்கம் என்று கண் கலங்க வேண்டாம். பத்து வயதுக் கிழப்பூனை உங்கள் மடியில் சில நிமிஷம் குட்டியாகிறது. அவ்வளவு நம்பிக்கை அதற்கு உங்கள் மேல்!

தொண்டைக்கும் ஒரு நொடி போய்விட்டு வருவோம், சத்தம் அங்கிருந்துதானே வருகிறது. பூனையின் குர்ர்ர் நொடிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 அதிர்வு. இவ்வளவு சிறிய தொண்டையில் இவ்வளவு தாழ்ந்த சுருதி எப்படி? வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர், தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டு வீட்டுப் பூனைகளின் குரல்வளைகளை உரியவர்களின் சம்மதத்தோடு எடுத்து, அவற்றினுள் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். மூளையின் கட்டளை இல்லாமலே அந்தத் தாழ்ந்த அதிர்வு வந்துவிட்டது! குரல்நாண்களுக்குள் புதைந்திருக்கிற இணைப்புத்திசுத் திண்டுகள்தான் அதைச் சாத்தியமாக்குகின்றன என்று 2023இல் அறிவித்தார்கள். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இந்தச் சத்தம் அறுபடாமல் ஓடுகிறது, குட்டியால் பால் குடித்துக்கொண்டேகூடக் குர்ரிட முடிகிறது.

அடுத்தது நாக்கு. பூனை நக்கும்போது உப்புத்தாள் தேய்ப்பதாக உணர்கிறோமே, அந்த முள்களை அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் நுட்பமாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். பூனையின் நாக்கு ஒரு போர்வையில் மாட்டிக்கொண்டதைப் பார்த்ததும் நோயலுக்கு வந்த ஆர்வம் அது! 2018இல் வந்த முடிவு என்னைத் துள்ள வைத்தது. முள்ளின் நுனி கூர்மையாக மட்டும் இல்லை, குழிந்தும் இருக்கிறது. அந்தக் குழி வாயிலிருந்து எச்சிலைத் தானாக உறிஞ்சி எடுத்துக்கொண்டு, ரோமத்தின் அடிவரை போய்த் தோலில் பூசிவிட்டு வருகிறது. சிங்கம், புலி, பனிச்சிறுத்தை நாக்கிலும் இதே குழி. பூசின எச்சில் காயும்போது உடம்பு குளிர்கிறது. குளியலும் அதுதான், விசிறியும் அதுதான்! நம் லுங்கியில் விழுந்து வீணாகிற சொட்டு சாதாரணச் சரக்கு இல்லை.

பூனை முடி ஒத்துக்கொள்ளாது என்று தும்முகிறவர்களுக்கும் பதில் இதே எச்சிலில் இருக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்புவதில் முக்கியமான புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் ஊறுகிறது. நக்கி நக்கி முடியில் பூசுவதால் முடிமேல் பழி விழுகிறது. அப்படிப்பட்டவர்கள் ஜொள்ளு பட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

வாசனையால் வருகிற ஜொள்ளு தனி ரகம். அதன் பின்கட்டு நம் ஊர் வேலியோரத்திலேயே இருக்கிறது! இலையும் பச்சைக் கதிருமாக மழைக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் முளைத்து நிற்கிறதே குப்பைமேனி, அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர். வேரோடு பிடுங்கித் திண்ணையில் போட்டுப் பாருங்கள். தெருப்பூனை வந்து முகரும், கன்னத்தைத் தேய்க்கும், தோளைப் புரட்டி விழுந்து உருளும், வாயோரம் நனையும். பாட்டிமார்களுக்குத் தெரிந்த இந்த விஷயத்தை இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே கிடக்கும் கிறிஸ்துமஸ் தீவில் வேலை செய்த ஆஸ்திரேலியர்களும் கவனித்தார்கள். அந்தத் தீவில் வீட்டை விட்டுக் காடேறிய பூனைகள் அரிய பறவைகளையும் பல்லிகளையும் வேட்டையாடித் தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்க ஒரு வாசனை தேவைப்பட்டது. கையில் கிடைத்தது குப்பைமேனி வேர். அதில் பூனையை இழுக்கிற பொருள்கள் எவை என்று மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டுப் பூனைகளைக் கிறுக்குப் பிடிக்க வைக்கிற கேட்னிப் செடியின் நெப்பெட்டாலாக்டோனுக்கு நெருங்கிய சொந்தங்கள் அவை.

இதே குடும்பத்து வாசனை ஜப்பானில் மட்டடாபி என்ற கொடியில் இருக்கிறது. இவாடே பல்கலைக்கழகத்தின் மசாவோ மியாசாகி குழுவினர் 2021இல் பூனையின் ரத்தத்தையே பார்த்துவிட்டார்கள். அந்த வாசனையில் உருண்ட பிறகு வலியைத் தணித்து இதம் தருகிற எண்டார்ஃபின் உயர்ந்திருந்தது. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் பூனை உருள்வதை விட்டுவிட்டது. அந்தச் செடியைத் தேய்த்துக்கொண்ட முகத்தில் கொசு குறைவாக உட்கார்ந்தது என்பதையும் கண்டார்கள். ஆனந்தமும் ஆயிற்று, கொசுவிரட்டியும் ஆயிற்று! எல்லாப் பூனைக்கும் இந்த வாசனை பிடிபடாது. பிடிபட்டாலும் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். முகர விடுங்கள், தின்னக் கொடுக்காதீர்கள்.

எங்கள் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது, சோபாவில் மல்லாந்து கிடந்த எங்கள் பூனை சொக்கியின் வாயைப் பார்த்து அலறிவிட்டார்.

“ஏம்மா, வாயெல்லாம் ஒழுகுதே! வெறி கிறி பிடிச்சிருக்கப் போகுது!”

“இல்ல அத்தை, அது சந்தோஷத்துல விடுது.”

“சந்தோஷம் வந்தா வாயா ஒழுகும்?”

“தொட்டில்ல கிடக்குற உங்க பேரனுக்கு ஒழுகலையா?”

அத்தை சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. பாராசிம்பதெடிக் நரம்பு குமட்டலிலும் எச்சிலைப் பெருக்கும், வாய் வலித்தால் பூனை விழுங்க மறுக்கும். ஆகவே எல்லா ஜொள்ளும் ஆனந்த ஜொள்ளு இல்லை. பிரித்துப் பார்க்கும் வழி சுலபம். நல்ல ஜொள்ளு தடவலோடு வரும், தண்ணீராக நிறமின்றி இருக்கும், பூனை எழுந்து போனதும் நின்றுவிடும், அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பூனை ஒழுங்காகச் சாப்பிடும். மடியும் இல்லை, தடவலும் இல்லை, மூலையில் ஒதுங்கிய பூனையின் மோவாய் நனைந்திருக்கிறது, வாடை அடிக்கிறது, ரத்தம் கலந்திருக்கிறது, தட்டருகே போய் முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்றால் அது வேறு கதை.

பெரும்பாலும் பல்லும் ஈறும்தான் காரணம். சிறுநீரகம் கெட்ட பூனைக்கும் வாயில் புண் வந்து ஒழுகும். வீட்டில் நாம் ஆசையாக வளர்க்கும் மணிபிளாண்டைக் கடித்தால் அதிலுள்ள ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் வாயைக் குத்திப் புண்ணாக்கும், உடனே ஜொள்ளு கொட்டும். லில்லிப் பூ இன்னும் மோசம், அதன் மகரந்தம் பட்ட ரோமத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். தேரையை வாயில் கவ்வினாலும் நுரை தள்ளும். நாய்க்கு உண்ணி போக வாங்கின பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது, நடுக்கமும் ஜொள்ளுமாக உயிருக்கே உலை வைக்கும். காய்ச்சலென்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். கசப்பு மாத்திரை நாக்கில் பட்டதும் நுரை நுரையாகத் துப்புவதும், ஆட்டோவில் கூடைக்குள் வருகையில் குமட்டி ஒழுகுவதும் பயப்பட வேண்டியவை அல்ல, சிறிது நேரத்தில் அடங்கும். மே மாத வெயிலில் நாயைப்போல் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒழுகினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, டாக்டரிடம் ஓடுங்கள்.

அத்தை பயந்த வெறிநோயும் பூனைக்கு வரும். தடுப்பூசி போடாத பூனையின் குணம் திடீரென்று மாறி, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தால் கிட்டேயே போகக் கூடாது. எந்தத் தெருப்பூனை கடித்தாலும் பிராண்டினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சொக்கிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டென்று கேட்ட பிறகுதான் அத்தை அதன் கன்னத்தைச் சொறிந்துகொடுத்தார். சொக்கி அவர் புடவையையும் நனைத்தது!

ஜொள்ளே விடாத பூனைகளும் ஏராளம். அவற்றுக்கு உங்கள் மேல் அன்பு குறைவென்று நினைத்துவிடாதீர்கள். சில பூனை கண்ணை மெல்ல மூடித் திறப்பதோடு நிறுத்திக்கொள்ளும், சில பூனை காலடியில் படுத்தே சொல்லிவிடும். உடம்புவாகு அப்படி.

விடுகிற பூனை வாய்த்தவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சொட்டு விழுந்ததும் சீ என்று உதறி எழாதீர்கள். சாய்வு நாற்காலி பக்கத்தில் ஒரு பழைய துண்டைப் போட்டு வையுங்கள், மடியில் விரித்துக்கொள்ளுங்கள், சொறிவதை நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை, அது இப்படித் தளர்ந்து கிடக்கும் நேரம் பார்த்தே, உதட்டை விரலால் மெல்லத் தூக்கி ஈறு சிவந்திருக்கிறதா, பல் ஆடுகிறதா, வாடை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏதாவது தென்பட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.